இரட்டை நோய்ச் சிகிச்சைப் பயிற்சி

மனநோயும் குடி அல்லது போதைப் பழக்கமும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதை இரட்டை நோய் என்பார்கள். இரண்டையும் இனம்கண்டு, ஒருசேரச் சிகிச்சை தரக் கற்பிப்பது இப்பயிற்சி.

குடியை நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுங்க, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிவிட்டுக்கொண்டிருப்பார் நோயாளி. வீட்டார் கண்ணுக்கு அது பைத்தியம். சிலர் காற்றுக் கறுப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போவார்கள். உண்மையில் அது குடி நின்றதால் வரும் டெலிரியம் என்னும் குழப்பநிலை. சில நாளில் தெளியும், கவனிக்காவிட்டால் உயிரையே பறிக்கும். இவருக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் என்ற வைட்டமின் ஊசி போட வேண்டும். மாற்றிச் செய்தால் மூளை பாதிக்கப்படலாம். குடியை விட்டு மாதக்கணக்கில் ஆன பிறகும் காதில் குரல் கேட்டால் மனச்சிதைவைச் சந்தேகிக்க வேண்டும். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரை சிலருக்கு மனநோயைத் தூண்டிவிடுவதும் உண்டு. பாதிப் பாடம் படித்தவர் கையில் மருந்தே வினையாகிவிடும் துறை இது.

மனநோய்ச் சிகிச்சையும் குடிநோய்ச் சிகிச்சையும் வெவ்வேறு வாசல்களாகவே வளர்ந்தன. சென்னையில் 1794இல் மனநோயாளிகளுக்கான காப்பகம் உருவானது. அதன் வழிவந்ததே இன்றைய கீழ்ப்பாக்கம் மருத்துவமனை. குடிநோய்க்கென்று சாந்தி ரங்கநாதன் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கியது 1980இல். ஆலோசகர்களுக்கு முறையான பயிற்சியும் அங்கே கிடைத்தது. அமெரிக்காவிலும் இதே பிரிவினைதான். அங்கே 1990இல் வெளியான ஆய்வொன்று, குடிநோய் கண்டவர்களில் 37 சதவீதம் பேருக்கு வேறொரு மனநோயும் இருந்ததைக் காட்டியது. ராபர்ட் டிரேக், கென்னத் மின்காஃப் போன்றோர் ஒரே குழு இரண்டையும் கவனிக்கும் முறையை வளர்த்தார்கள்.

கடலூர் மாவட்டத்தில் இந்தப் பயிற்சிக்கு வாய்ப்புள்ள இடம், சிதம்பரத்தில் 1985இல் வந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி. மனநல மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பும் இங்கு உண்டு. 2021இல் சுகாதாரத் துறையின் கீழ் வந்து, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. மாவட்டத் தலைநகரின் பெயரைத் தாங்கிய கல்லூரி அங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடலூர்க்காரருக்குப் புதுச்சேரி இன்னும் பக்கம்; அங்கே மலிவாகக் கிடைக்கும் சரக்கும் பக்கம், ஜிப்மர் மருத்துவமனையும் பக்கம்.

மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சிக்கு வந்து, பின்னர் கடலூர் உட்பட எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி தருவது அதன் வேலைகளில் ஒன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். பயிற்சி பெற்றவர் இல்லாத இடத்தில் நோயாளியை விட்டால் என்ன ஆகும் என்பதை அதற்குமேல் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. பயிற்சியாளர்களுக்கு இது பெரிய பலம். 2025இல் தமிழக அரசு 25 ‘கலங்கரை’ போதை மீட்பு மையங்களைத் திறந்தபோது, அவற்றை அரசு மருத்துவமனைகளுக்குள்ளேயே அமைத்தது.

இப்பயிற்சியில் இளம் மருத்துவர் முதலில் பழகும் கருவி ஒரு வெள்ளைத்தாள். நடுவே கோடு போட்டு, முதல் குடி எந்த வருடம், முதல் குரல் எந்த வருடம், இடையில் குடிக்காமல் இருந்த மாதங்கள் எவை என்று குறிக்க வேண்டும். பெரும்பாலும் பதில் மனைவியிடம்தான் இருக்கும். வருடம் சொல்ல அவருக்கு வராது. “மூத்தவ வயித்துல இருந்தப்போ” என்பார். அதையும் கோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.