ஐரோப்பிய வீட்டில் ஆண் அறையும் பெண் அறையும் கலைந்த வரலாறு

ஒரே வீட்டில் வாழும் ஆணும் பெண்ணும் அதன் உட்பகுதியைச் சமமாகப் புழங்கும்படி அமைக்கும் முறை, பாலினப் பொதுமை உள்ளமைப்பு எனப்படுகிறது. சுவரின் நிறம், திரைச்சீலை, இருக்கையின் வடிவம் என்பவற்றோடு இது பற்றிய பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆயினும் ஐரோப்பிய வீட்டின் வரலாற்றில், அறையின் அளவும் அடுக்களையின் இருப்பிடமும் மாறியபோதுதான் பாகுபாடு உண்மையில் தளர்ந்தது.

பாகுபாட்டை வெளிப்படையாக வகுத்துரைத்த நூல்களுள் ஒன்று, கட்டடக் கலைஞர் ராபர்ட் கெர் 1864இல் வெளியிட்ட 'தி ஜென்டில்மேன்ஸ் ஹவுஸ்'. ஆங்கிலேயச் செல்வர் வீட்டின் உணவறை ஆண்மைக்குரிய கனத்தோடும், வரவேற்பறை பெண்மைக்குரிய மென்மையோடும் விளங்கவேண்டும் என்பது அந்நூலின் நிலைப்பாடு. விருந்து முடிந்ததும் பெண்கள் வரவேற்பறைக்குச் சென்றுவிட, ஆண்கள் மதுவோடு உணவறையிலேயே தங்கும் வழக்கம் இப்பிரிவுக்கு அடிப்படையாயிற்று. நூலகம், பில்லியர்ட்ஸ் அறை, புகைபிடிக்கும் அறை ஆகியன ஆண்களுக்கென ஒதுக்கப்பட்டன. ஓரிரு அறைகளுக்குள் முடங்கியிருந்த தொழிலாளர் குடும்பங்களில் இத்தகைய பிரிவினைக்கு இடமே இல்லை என்பதையும் மறத்தற்கில்லை.

இவ்வமைப்பைத் துணிந்து குலைத்த வீடு, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1924இல் எழுந்தது. கணவரை இழந்து மூன்று குழந்தைகளோடு வாழ்ந்த த்ரூஸ் ஷ்ரோடர், கட்டடக் கலைஞர் ஹெரிட் ரீட்வெல்டுடன் சேர்ந்து அதனை வடிவமைத்தார். மேல்தளத்தில் நிலையான உட்சுவர்களுக்கு மாற்றாக நகரும் தடுப்புகள் அமைந்தமையால், பகலில் ஒரே கூடமாக விரிந்த இடம் இரவில் தனித்தனி அறைகளாகப் பிரிந்தது. கட்டட விதிகள் இதற்கு இடங்கொடாமையால், வரைபடத்தில் அத்தளம் பரண் என்றே குறிக்கப்பட்டது.

இதற்கு நேரெதிரான விளைவைத் தந்தது, கட்டடக் கலைஞர் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் அடுக்களை. ரயில் உணவுப் பெட்டியின் சிக்கனத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உடைய இடத்துள், அவர் எல்லாவற்றையும் கையெட்டும் தொலைவில் வைத்தார். சுழல் இருக்கையும், மடித்து வைக்கக்கூடிய இஸ்திரிப் பலகையும், தானியம் முதலியன இடும் அலுமினியப் பெட்டிகளும் அதில் இடம்பெற்றன. நகராட்சிக் குடியிருப்புகளில் இவ்வடுக்களை சுமார் 10,000 வீடுகளில் பொருத்தப்பட்டது. பெண்ணின் வேலைச்சுமையைக் குறைப்பதே நோக்கமாயினும், ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்யக்கூடிய அச்சிற்றறை சமையலைப் பெண்ணுக்கு மட்டும் உரியதாக்கி, அவரைக் குடும்பத்தின் பார்வையிலிருந்தும் விலக்கியது எனப் பிற்காலப் பெண்ணியவாதிகள் கூறிய குற்றச்சாட்டு புறக்கணிக்கத்தக்கதன்று. 1935இல் ஸ்டாக்ஹோமில் சமூகவியலாளர் அல்வா மிர்தாலும் கட்டடக் கலைஞர் ஸ்வென் மார்கேலியசும் உருவாக்கிய கூட்டுக் குடியிருப்போ, பொதுச் சமையலறையிலிருந்து சிறு மின்தூக்கி வழியே வீடுகளுக்கு உணவு அனுப்பி, வேறொரு வழியை முயன்றது.

வியன்னா நகராட்சி 1990களில் கட்டிய 'ஃபிராவன்-வெர்க்-ஸ்டாட்' குடியிருப்பில் இவ்வரலாறு புதிய திருப்பம் பெற்றது. பெண் கட்டடக் கலைஞர்கள் நால்வர் வடிவமைத்த அதன் 357 வீடுகளில், குடும்பத் தலைவருக்குப் பெரிய அறை, பிறருக்குச் சிறிய அறை என்னும் படிநிலையைத் தவிர்க்கவும், சமைப்பவர் முற்றத்தில் விளையாடும் குழந்தைகளைக் காணவும் வழி தேடப்பட்டது. ஏறக்குறைய ஒத்த அளவுடைய அறைகளைக் குடியிருப்போர் தத்தம் தேவைக்கேற்பப் பயன்படுத்தலாம் என்பதே இதன் உட்கோள்.

2020களின் தொடக்கத்தில் பார்சிலோனாவை அடுத்த கோர்னெயா நகரில் பெரிஸ்-டோரால் கட்டடக்கலை நிறுவனம் அமைத்த 85 பொதுநல வீடுகள் இக்கோட்பாட்டை இன்னும் ஒருபடி முன்னே கொண்டுசென்றன. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 13 சதுர மீட்டர் பரப்புடையது. நடைபாதை அறவே இல்லை. வீட்டின் நடுவில் திறந்து கிடக்கும் அடுக்களையே பிற அறைகளை இணைக்கிறது.