உரல் படம் போட்ட புத்தகம்

விழுப்புரமோ கள்ளக்குறிச்சியோ, பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் வாரப் பத்திரிகைகளுக்கும் ராசிபலன் புத்தகத்துக்கும் நடுவே கிளிப் மாட்டித் தொங்கும் அரிச்சுவடி. மேலே வழவழப்பான அட்டை, உள்ளே மட்டமான தாள். பக்கத்துக்கு ஒரு எழுத்து, ஒரு படம். கோடை விடுமுறைக்குத் தில்லியிலிருந்து வந்த குடும்பம் கிளம்புகிற நாளில் தாத்தாவோ மாமாவோ ஒன்றை வாங்கிப் பிள்ளையின் கையில் திணிப்பார். "அங்க போயி இந்தியே பேசிட்டுத் திரியாத, இதையும் படி." புளி, மிளகாய்த்தூள், ஆயா சுட்ட அதிரசம் இவற்றோடு அதுவும் பையில் ஏறும். பிறகு சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும், கிட்டத்தட்ட 2,180 கிலோமீட்டர். புது தில்லி ஸ்டேஷனில் இறங்கும்போது அட்டையில் அதிரச எண்ணெய் ஊறியிருக்கும்.

அங்கிருந்து அது போகிற வீடு சில சமயம் சாணக்யபுரியில் இருக்கும். பங்களாக்களுக்குப் பின்புறம், சமையல்காரருக்கும் டிரைவருக்கும் வீட்டு வேலைக்காரருக்கும் ஒதுக்கிய குவார்ட்டர்ஸ் அறைகள். முன்பக்கம் வேறு உலகம். கௌடில்ய மார்க்கில் தமிழ்நாடு இல்லம். அதே சாலையில் இலங்கைத் தூதரகம். மலேசியா சத்ய மார்க்கில், சிங்கப்பூர் சந்திரகுப்த மார்க்கில். தமிழை ஏதோ ஒரு விதத்தில் பள்ளிக்கூடத்துக்குள் வைத்திருக்கும் நான்கு அரசுகளின் வாசல்களையும் ஆட்டோவில் ஒரு சுற்றிலேயே பார்த்துவிடலாம். பின்பக்கத்து அறையில் அதே தமிழுக்கு அந்த எண்ணெய் ஊறிய புத்தகம்தான் கதி.

'அ'வில் அம்மா, 'ஆ'வில் ஆடு, 'இ'யில் இலை. இதுவரை வண்டி ஓடும். 'உ'வில் உரல் வந்ததும் நின்றுவிடும். தில்லியில் பிறந்த பிள்ளை உரலைப் பார்த்ததில்லை. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பதில் அது சூரப்புலி. பள்ளியில் இந்தி எழுத்தும் ஆங்கில எழுத்தும் பழகிய கண்ணுக்கு மூன்றாவதாக ஒன்று பெரிய விஷயமில்லை. "உ… ர… ல். இது என்னம்மா?" அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. பெயரளவுக்கு இரண்டு மூன்று வகுப்பு, அதற்குப் பிறகு வேலைதான். படத்தைப் பார்த்ததும் அவளுக்கு வாய் திறந்துவிடும். "உரல்டா. ஆயா வீட்டுத் தோட்டத்துல கெடக்குதே, மழைத்தண்ணி நிக்குமே, அதுதான். கம்பு இடிப்போம்." கம்பு என்றால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். ஒரே பக்கத்தில் முக்கால் மணி நேரம் போய்விடும்.

அந்த முக்கால் மணி நேரம்தான் என் கட்சி. புலம்பெயர்ந்த வீட்டில் அரிச்சுவடிக்கு இரண்டு வாசகர்கள் வேண்டும்: எழுத்தை அறிந்த ஒருவர், பொருளை அறிந்த ஒருவர். பிள்ளையை மட்டும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் அது உரலை வெறும் ஓசையாக மனப்பாடம் செய்துகொண்டு போய்விடும்.

இந்தப் புத்தகத்துக்குப் பயணம் புதிதில்லை. அச்சேறிய முதல் தமிழ் நூலே 1554இல் லிஸ்பனில் வெளிவந்த 'கார்த்தில்யா' என்னும் கிறித்தவச் சிறுவழிகாட்டிதான். போர்ச்சுகீசிய மொழியோடு, தமிழை ரோமன் எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். வாட்ஸ்ஆப்பில் நம் பிள்ளைகள் தமிழ் எழுதுகிற முறைக்கு வயது ஐந்நூறை நெருங்குகிறது என்று சமாதானம் செய்துகொள்ளலாம். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' வந்தது. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், மணலையும் ஓலையையும் விட்டுப் பிள்ளைகள் கையில் அச்சிட்ட பாலபாடத்தைக் கொடுத்தார்.

1923ஆம் ஆண்டு இந்தக் கதையில் இரண்டு முறை வருகிறது. மலாயாவில் அந்த ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குமேல் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி போனது அப்படித்தான். பெரும்பாலும் தோட்டத்திலேயே படித்த யாராவது ஒருவர்தான் வாத்தியார். அதே 1923இல், அரசாங்கம் கோடைக்குச் சிம்லா, குளிருக்குத் தில்லி என்று மூட்டை கட்டிக்கொண்டிருந்த நாளில், குமாஸ்தா வேலைக்கு வந்த தென்னாட்டுக்காரர்களின் பிள்ளைகளுக்காக மதராஸி எஜுகேஷன் அசோசியேஷன் பிறந்தது. இன்று அது தில்லித் தமிழ்க் கல்விக் கழகம், வாய்வழக்கில் டிடிஇஏ. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதிபாக், ராமகிருஷ்ணபுரம், பூசா ரோடு, ஜனக்புரி என ஏழு பள்ளிகள். சாணக்யபுரி குவார்ட்டர்ஸ் பிள்ளைக்கு மோதிபாக்கோ லட்சுமிபாய் நகரோ பக்கம்.

குமாஸ்தா வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தமிழ் படிக்கத் தெரியும். பள்ளி பாதி சொல்லித்தந்தால் வீடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். பின்னால் வந்த தலைமுறை வேறு. 1960களின் கடைசியிலிருந்து கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்தவர்கள் ஜங்க்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் குடிசை போட்டார்கள். மதராஸி கேம்ப் என்று பெயர். அந்த வீடுகளின் பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்குப் போனார்கள். பள்ளி பழைய ஏற்பாட்டில், வீடு புதிய நிலைமையில். பெற்றோர் கூட்டத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வெளியே நிற்கிற அம்மாவிடம் கேட்க எவ்வளவோ இருந்தது. யாரும் அவளை உள்ளே உட்காரவைக்கவில்லை.

வேறு ஊர்களில் உட்காரவைத்தார்கள். 1969இல் ஜெருசலேமின் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் அவிமா லொம்பார்ட், ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் குடியேறிய வீடுகளுக்கென ஒரு திட்டம் போட்டார். அதே பகுதியைச் சேர்ந்த ஒரு பெண் வீட்டுக்கு வருவார். பாடத்தைத் தாயோடு நடித்துக் காட்டுவார். பிறகு தாயே தினமும் சிறிது நேரம் பிள்ளையோடு உட்காருவாள். பெயர்ச்சுருக்கம் 'ஹிப்பி'; நீளமுடிக்காரர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவின் கென்டக்கியில் 1986இல் தொடங்கிய திட்டத்தில், பள்ளிப் படிப்பை முடிக்காத பெற்றோரும் அவர்களின் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளும் சேர்ந்தே பள்ளிக்கு வந்தார்கள்: தனித்தனி வகுப்பு கொஞ்சம், சேர்ந்து விளையாட்டும் பாடமும் கொஞ்சம். தில்லிக்கும் அந்த 1969 அந்நியமில்லை. காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக ராஜ்காட்டில் கட்டட வேலை நடந்தபோது, சித்தாள் பெண்களின் குழந்தைகள் மண்ணில் கிடப்பதைப் பார்த்த மீரா மகாதேவன் அங்கேயே 'மொபைல் கிரெஷஸ்' குழந்தைக் காப்பகத்தை ஆரம்பித்தார். தாய் எங்கே வேலை செய்கிறாளோ அங்கே போவது என்ற யோசனையை இந்த ஊர் அறிந்தே இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் புதுக்கோட்டை அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துக்காரர்கள் 1991 வாக்கில் பெண்களுக்கு எழுத்தும் சைக்கிளும் சேர்த்துச் சொல்லித்தந்தார்கள். இன்று பாடப்புத்தகத்தில் கியூஆர் குறியீடு இருக்கிறது. போனைக் காட்டினால் பாட்டும் படமும் ஓடும். 2022இல் தொடங்கிய தமிழ்ப் பரப்புரைக் கழகம் புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்குப் புத்தகம் போடுகிறது. எல்லாம் நல்லது. ஒன்று பெரியவருக்கு, மற்றவை பிள்ளைக்கு. இருவரையும் ஒரே பாயில் உட்காரவைப்பதற்கு ஏற்பாடு கண்ணில் படவில்லை.

2025 ஜூன் 1 அன்று மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி என்று முதல் பட்டியலில் வந்தவை 189. அவர்களுக்கு இடம் நரேலாவில், ஊரின் வடகோடியில், லோதி எஸ்டேட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் மேலே. ஏழு தமிழ்ப் பள்ளிகளில் ஒன்றும் அந்தப் பக்கம் இல்லை. அரிச்சுவடி மறுபடி மூட்டைக்குள் போனது.

பள்ளியை நகர்த்த முடியாது. நரேலா அடுக்குமாடியில் ஒரு அறை, ஒரு கரும்பலகை, ஞாயிறு இரண்டு மணி நேரம், தாயும் பிள்ளையும் சேர்ந்து: இதைக் கௌடில்ய மார்க் தமிழ்நாடு இல்லத்திலிருந்தே ஏற்பாடு செய்யலாம். 1946இல் தொடங்கி, இன்று ராமகிருஷ்ணபுரத்தில் இயங்கும் தில்லித் தமிழ்ச் சங்கமும் செய்யலாம். புத்தகச் செலவு கைக்கு அடங்கும். சொல்லித்தருபவர் போய்வருவதற்குத்தான் ஞாயிறு முழுக்கப் போய்விடும். அதற்குச் சம்மதிக்கிற பத்துப் பேரை முதலில் தேட வேண்டும்.