ஆற்காடு மிஷன்

வட ஆற்காடு, சித்தூர் வட்டாரங்களில் அமெரிக்க சீர்திருத்தத் திருச்சபை நடத்திய கிறிஸ்தவ ஊழிய அமைப்பு ஆற்காடு மிஷன். 1853-இல் தொடங்கியது. வேலூர், சித்தூரோடு, பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணியும் அதன் தொடக்ககாலத் தளங்களில் ஒன்று. வந்தது சுவிசேஷம் சொல்ல. மக்கள் மனதில் நின்றது வைத்தியம்.

தொடங்கியவர்கள் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் என்ற ஸ்கட்டர் சகோதரர்கள். மூவருமே இலங்கையில் பிறந்தவர்கள். தந்தை ஜான் ஸ்கட்டர் நியூயார்க்கில் நன்றாக நடந்துவந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு 1819-இல் கப்பலேறியவர். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் நோயாளிகளைப் பார்த்தார். 1836-இல் சென்னைக்கு வந்தார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போன முதல் மருத்துவ மிஷனரி அவர்தான்.

மகன்கள் தொடக்கத்தில் பிரசங்கத்தையே பெரிதாக நினைத்தார்கள். பிற மதத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துவதில்கூட அவர்களுக்கு ஆர்வமில்லை. ஊர் ஊராகப் போய்த் தமிழில் பேசினார்கள். ஆனால் சபைகள் வளர்ந்தது பெரும்பாலும் நிலமற்ற கூலிகள் வாழ்ந்த சேரிகளில். தாது வருஷப் பஞ்சத்துக்குப் (1876–78) பிறகு சேர்ந்தவர்கள் அதிகம். கஞ்சிக்காக மதம் மாறினார்கள் என்ற ஏளனம் தமிழகத்துக்குப் பழக்கமானதுதான். அதில் பாதி உண்மை இருக்கலாம். தீண்டாமையில் கிடந்தவர்களுக்குக் கஞ்சியோடு பள்ளியும் மரியாதையும் வேண்டியிருந்தன என்ற மறுபாதியை அது சொல்வதில்லை. ஆரணியில் மிஷன் நடத்திய தொழிற்பள்ளி கைத்தொழில் கற்றுக்கொடுத்தது.

இராணிப்பேட்டை மருத்துவமனையை 1866-இல் தொடங்கியவர் இன்னொரு சகோதரர் சைலஸ். ஆனாலும் மிஷனின் பெயரை உலகறியச் செய்தவர் ஜானின் பேத்தி ஐடா ஸ்கட்டர். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடாவுக்கு மிஷனரியாகும் எண்ணமே கிடையாது. திண்டிவனத்தில் பெற்றோரோடு இருந்தபோது ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் கிடந்த மனைவிகளைக் காப்பாற்றக் கேட்டார்கள். டாக்டரான தந்தையை அனுப்புகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண் தொடக் கூடாதென்று மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த இரவுதான் அவரை மருத்துவம் படிக்கவைத்தது. கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் பெற்று, மறு ஆண்டு தொடக்கத்தில் ஐடா திரும்பினார். வேலூர் பங்களாவின் சிறிய அறை ஒன்றுதான் முதல் மருந்தகம். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் மறைந்த மனைவியின் நினைவாகத் தந்த 10,000 டாலரில் 1902-இல் 40 படுக்கை மருத்துவமனை எழுந்தது. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி அவரே குடியாத்தம் சாலையில் பியூஜோ காரில் போனார். முதலில் அந்த வண்டியைக் கண்டு ஓடியவர்கள், பிறகு வழிநெடுக மரத்தடிகளில் காத்திருந்தார்கள்: சீழ் கட்டிய புண், கண் நோய், காய்ச்சலில் துவண்ட குழந்தை. சாலையோர மருந்தகம் இப்படித்தான் உருவானது.

ஒரு டாக்டரால் எத்தனை கிராமம் பார்க்க முடியும்? 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஐடா தொடங்கினார். அதுவே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாகி (சி.எம்.சி.), 1947-இல் ஆண்களையும் சேர்த்தது. கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்டு அங்கே தொழுநோயில் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நன்றாக இயங்கும் தசையின் தசைநாரை இடம் மாற்றித் தைத்து, கை மறுபடி பொருளைப் பிடிக்கும்படி செய்தார்.

மிஷனின் சபைகள் 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்குள் அடங்கின. ஐடா 1960-இல் கொடைக்கானலில் காலமானார். ஆரணி, குடியாத்தம் பக்கத்து நோயாளிகளோடு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வருபவர்கள் இன்று சி.எம்.சி. வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். சுற்றுத் தெருக்களின் லாட்ஜ்களும் சாப்பாட்டுக் கடைகளும் வங்க மொழியில் பலகை மாட்டியிருக்கின்றன.