மண்டபம் முகாமும் பள்ளி வாசலும்: ஈழத்துப் பிள்ளைகளின் கல்வி, 1983 முதல்

மண்டபம் முகாம் அகதிகளுக்காக எழுந்ததன்று. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரைக் கப்பலேற்றுமுன் நோய்ப் பரிசோதனைக்காகத் தங்கவைக்க ஆங்கிலேயர் காலத்தில் அமைத்த இடம் அது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் அத்தொழிலாளரின் வாரிசுகள் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் வழியே திரும்பினார்கள். இந்தியக் குடிமக்களாக வந்ததால், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அவர்களுக்குத் தனி அனுமதி வேண்டியிருக்கவில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அதே கரையில் இறங்கிய பிள்ளைகளின் நிலை வேறு. 1987 ஜூலைக்குள் வந்தவர்கள் 1,34,053 பேர். அவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி வாசலைத் திறந்தது அரசின் ஆணை; சட்டம் அன்று. அடுத்த நாற்பதாண்டுகளில் அவர்களின் கல்வி விரிந்ததும் சுருங்கியதும் இந்த வேறுபாட்டால்தான் என்பது என் வாதம்.

தொடக்க ஆண்டுகளின் சாதனையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. பாலஸ்தீன அகதிப் பிள்ளைகளுக்கென ஐ.நா. அமைப்பு 1950 முதல் தனிப் பள்ளிகள் நடத்திவந்தது. இங்கே முகாம் பிள்ளைகள் அரசுப் பள்ளியில், உள்ளூர் மீனவர் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே சத்துணவைச் சாப்பிட்டுப் படித்தார்கள். புது மொழி கற்ற பிறகே பாடம் என்ற சுமையும் இவர்களுக்கு இல்லை. சிக்கல் காகிதங்களில் இருந்தது. இலங்கையில் 'சாதாரண தரம்' என்னும் பொதுத் தேர்வை எழுதியவரைப் பத்தாம் வகுப்புத் தேறியவராகக் கொள்வதா? ஷெல்லடியில் வீட்டோடு எரிந்துபோன சான்றிதழுக்கு எது ஈடு? மண்டபத்தில் பதிவு முடிந்து வேறு மாவட்ட முகாமுக்கு அனுப்பப்பட்டால், அங்கே மறுபடி முதலிலிருந்து விசாரணை. இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது, சா. செ. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். முகாம் பிள்ளைகளுக்கு அது மாலை வகுப்புகள் நடத்தியது. எம்.ஜி.ஆர். ஆட்சியோ மருத்துவம், பொறியியல் கல்லூரிகளிலும் இடம் ஒதுக்கியது.

1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் எல்லாம் தலைகீழானது. கல்லூரி ஒதுக்கீடு போயிற்று. பள்ளிச் சேர்க்கையும் தடைபட்டது. அன்றைய பாதுகாப்புச் சூழலில் வேறு வழியில்லை என்பார்கள். படகில் வருவோரைச் சோதிப்பதும் முகாமைக் கண்காணிப்பதும் அரசின் கடமைதான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தியதால் யாருடைய பாதுகாப்பு கூடியது? அதைவிட முக்கியம், இதைச் செய்ய எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டியிருக்கவில்லை என்பது. 1996இல் ஆட்சி மாறியபின் கல்லூரி இடங்கள் திரும்பக் கிடைத்தன, அதுவும் ஆணையால்தான்.

உரிமை என்பது 2010 ஏப்ரல் 1இல்தான் வந்தது. அன்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள 'குழந்தை' என்று பேசுகிறது, குடியுரிமையைக் கேட்கவில்லை. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவும் கூடாது. இந்தியா கையெழுத்திடாத 1951 அகதிகள் உடன்படிக்கையின் 22ஆம் பிரிவும் தொடக்கக் கல்வியில் மட்டுமே குடிமக்களுக்கு நிகரான இடம் தருகிறது. மேற்படிப்பில் மற்ற வெளிநாட்டவருக்குக் குறையாத நிலையோடு நின்றுவிடுகிறது. ஆக, எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் பிள்ளை மறுபடி சலுகையின் கைக்கே போகிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தில் கல்வி உதவித்தொகை உயர்ந்தது, வரவேற்கத்தக்கது. எனினும் அதுவும் அறிவிப்பே.

நடைமுறையில் இடம் கிடைக்கும்போது சட்டம் எதற்கு என்று கேட்கலாம். 1990இலும் இடம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. வறண்ட இராமநாதபுரத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே வசதி போதாதபோது முகாம் பிள்ளைகளுக்கு இடம் ஏன் என்ற கேள்வி கனமானது. ஆனால் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே ஆசிரியர் பணியிடம் அமைகிறது என்பதால், முகாம் பிள்ளைகள் கூடுவது அந்தப் பள்ளிக்குப் பலமே. குடியுரிமை கிடைத்தால் போதாதா என்றால், 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஈழத் தமிழரைச் சேர்க்கவில்லை. குடியுரிமை தில்லியின் கையில் உள்ளது. கல்வியோ பொதுப்பட்டியலில் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் முகாம் பிள்ளைகளுக்கு உள்ள இடத்தைத் தமிழகச் சட்டமன்றம் ஒரு சட்டமாகவே நிறைவேற்ற வேண்டும்.