கண்ணாடித் தகட்டில் இல்லாத பாக்டீரியா: மாவுப்பூச்சி ஆய்வு வரலாற்றில் ஒரு விடுபாடு

மதுரைச் சமவெளியின் சாறு உறிஞ்சும் பூச்சிகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் பயிர்ச்சேதம், மருந்து தெளிப்பு, இயற்கை எதிரி ஆகிய மூன்றையே பேசுகின்றன. பூச்சியின் உடலுக்குள் வாழ்ந்து, தாயிடமிருந்து முட்டைக்குள் செல்லும் பாக்டீரியாவுக்கு அவற்றில் இடம் குறைவு. அறியாமை மட்டும் இதற்குக் காரணமன்று. பூச்சியை இனங்காணக் கையாண்ட முறையும் ஒரு காரணம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மாவுப்பூச்சியின் இனத்தை வெறுங்கண்ணால் உறுதிசெய்ய இயலாது. பெண்பூச்சியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி, உள்ளிருப்பதையெல்லாம் கரைத்து வெளியேற்றி, எஞ்சும் தோலுக்குச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் பதிப்பர். தோலிலுள்ள நுண்துளைகளும் மயிர்களுமே இனத்தைக் காட்டும். தென்னிந்தியச் செதில்பூச்சிகளை விரிவாக ஆராய்ந்த டி.வி. இராமகிருஷ்ண ஐயர் 1940இல் வெளியிட்ட பூச்சியியல் கைந்நூலும் அடையாளம், உணவுப்பயிர், சேதம் என்னும் நோக்கில் அமைந்ததே. உழவருக்கு அன்று வேண்டியிருந்ததும் அதுதான். ஆயினும், பெயர் கிடைத்த அக்கணமே பாக்டீரியா கழுவுநீரோடு போய்விட்டது.

ஐரோப்பிய ஆய்வகங்களிலும் இப்புரிதல் எளிதில் வரவில்லை. அசுவினியின் உடலில் இருந்த ஓர் உறுப்பை 1858இல் ஹக்ஸ்லி போலி மஞ்சள்கரு என்றே பெயரிட்டார். அத்தகைய உறுப்பில் இருப்பவை நுண்ணுயிரிகள் என்பதை 1910இல் இத்தாலியின் பியரந்தோனியும் பொகீமியாவின் சூல்ட்சும் தனித்தனியே நிறுவினர். 2001இல்தான் எலுமிச்சை மாவுப்பூச்சியில் ஒரு பாக்டீரியாவுக்குள்ளேயே வேறொரு பாக்டீரியா வாழ்வது தெளிவாயிற்று. புளோயம் சாற்றில் சர்க்கரை மிகுதி. இன்றியமையா அமினோ அமிலங்களோ மிகக் குறைவு. பூச்சியும் இவ்விரு பாக்டீரியாக்களும் பணியைப் பகிர்ந்து அவற்றை உருவாக்குகின்றன. நூற்றுக்கணக்கில் முட்டையிடும் தாயின் வளம் இக்கூட்டுழைப்பையே சார்ந்துள்ளது. பாக்டீரியா அடுத்த தலைமுறைக்குச் செல்வதும் தாய்வழியாகவே. ஆண்பூச்சியோடு அதன் வழி முடிந்துவிடுகிறது.

இதனை மிகைப்படுத்துதலும் தவறு. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, பிற மாவட்டங்களுக்கும் பரவியது. பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி எனப் பலவற்றைத் தாக்கியது. மெழுகுப் பூச்சு பூச்சியைக் காக்க, தெளித்த மருந்து பொறிவண்டுகளை அழித்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூரு வழியாக வந்த அசெரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவி வயல்களில் விடப்பட்ட பின்னரே பெருக்கம் அடங்கியது. பாக்டீரியா தாயகத்திலும் பூச்சியோடு இருந்ததே. இங்கு இல்லாதிருந்தது குளவி. ஆகவே சாற்றை மட்டும் உண்டு பூச்சி எவ்வாறு பெருக முடிகிறது என்பதற்கு இணைவாழ்வு விடை தரும். அந்த ஆண்டுகளில் ஏன் கட்டுக்கடங்காமல் பெருகியது என்பதற்குத் தராது. இவ்விரு வினாக்களையும் ஒன்றாக்கும் போக்கு அண்மைய எழுத்துகள் சிலவற்றில் தென்படுகிறது.

குளவியின் புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்து தின்கையில் பாக்டீரியா குடியிருக்கும் திசுவும் அதற்கு இரையாகிறது. இவ்வுறவை மதுரை வயல்களில் ஆராய விரும்புவோருக்குத் தோல் மட்டும் எஞ்சிய பழைய தகடுகள் உதவா. இனிச் சேகரிப்போர் ஒவ்வொரு தொகுப்பிலும் சில பூச்சிகளையேனும் கரைசலில் இடாமல், முழுவுடலாக ஆல்கஹாலில் வைத்து, பயிரும் நாளும் குறித்துக் காத்தல் வேண்டும்.