முன்னோர் விதியும் மின்சாரத்தின் வழியும்

தீபாவளிக் காலத்தில் சிராங்கூன் சாலையில் ஒளிரும் விளக்கு வரிசையை நம்மில் அறியாதார் இலர். அவ்விளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் செம்புக் கம்பி, எவ்வளவு சிறந்ததாயினும், அதில் ஒரு பகுதியை வழியிலேயே வீண் உஷ்ணமாக்கி விடுகின்றது. எரிபொருளை வெளிநாடுகளிலிருந்து வாங்கும் சிங்கப்பூருக்கு இது சிறிய நஷ்டமன்று. ஆனால், தடை சிறிதுமின்றி மின்சாரத்தைச் செலுத்தும் பொருள்களும் உலகில் உண்டு. அவற்றை மீக்கடத்திகள் என்பர். அவற்றைத் தேடிய வரலாறு பழமையின் பிடியிலிருந்து விடுபட விரும்பும் சமூகத்துக்கு நல்லதொரு பாடமாகும்.

1911ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் காமர்லிங் ஆன்ஸ் என்பார் பாதரசத்தைப் பூஜ்யத்துக்குக் கீழ் 269 சென்டிகிரேட் டிகிரி வரை குளிர்வித்தார். அப்போது அதன் மின்தடை அறவே மறைந்தது. அக்குளிருக்கு விலைமிக்க திரவ ஹீலியம் வேண்டும். ஆகவே, அத்துணைக் கடுங்குளிர் வேண்டாத பொருளைத் தேடுவதே பின்வந்தோரின் வேலையாயிற்று.

அத்தேடலில் பெருமதிப்புப் பெற்றவர் பெர்ன்ட் மத்தியாஸ். நூற்றுக்கணக்கான மீக்கடத்திகளைக் கண்ட அவர், தம் அனுபவத்திலிருந்து சில விதிகளை வகுத்தார். பிராணவாயு சேர்ந்த பொருள்களை அணுகாதே; காந்தத்தன்மை உடையவற்றை அணுகாதே; மின்சாரம் பாயாதவற்றை அணுகாதே; ஏட்டுக் கொள்கை பேசுவோரையும் அணுகாதே என்பன அவற்றுட் சில. விதிகள் நெடுநாள் பயன் தந்தன. ஆயினும் 1973இல் எட்டிய எல்லை பூஜ்யத்துக்குக் கீழ் 250 டிகிரியே. பின்னர்ப் பதின்மூன்று ஆண்டுகள் அது நகரவேயில்லை. வழிகாட்டியாயிருந்த விதி வேலியாக மாறிற்று.

1986இல் ஸூரிச் நகரருகே பெட்நோர்ஸ், முல்லர் என்னும் இருவர் அவ்வேலியைத் தாண்டினர். அவர்கள் எடுத்தது லாந்தனம், பேரியம், செம்பு, பிராணவாயு ஆகியவை சேர்ந்த பீங்கான் போன்றதொரு பொருள். மின்சாரத்தைத் தடுக்கவன்றோ நாம் மின்கம்பத்தில் பீங்கானை வைக்கிறோம்! அப்பொருளோ பூஜ்யத்துக்குக் கீழ் 238 டிகிரியளவிலேயே மீக்கடத்தியாயிற்று. மறு ஆண்டே அமெரிக்காவில் பால் சூ, மௌ-குவென் வூ குழுவினர் வேறொரு செம்புக் கூட்டுப்பொருளைக் கொண்டு அவ்வெல்லையைக் கீழ் 180 டிகிரிக்கு உயர்த்தினர். இதற்கு மலிவான திரவ நைட்ரஜனே போதும். இவ்வதிசயத்தை விளக்க முற்பட்டோருள் நம் தமிழ்நாட்டு கணபதி பாஸ்கரனும் ஒருவர். ஆண்டர்ஸன் என்னும் பேரறிஞரோடு சேர்ந்து 1987இல் அவர் கொள்கையொன்றை வெளியிட்டார்.

பீங்கானோ எளிதில் நொறுங்குவது. அதை மெல்லிய படலமாக்க, அதே 1987இல் அமெரிக்காவின் பெல்கோர் ஆராய்ச்சிசாலையில் திருமலை வெங்கடேசனும் அவர் சகாக்களும் ஓர் உபாயம் கண்டனர். லேசர் ஒளியை விட்டுவிட்டுப் பாய்ச்சினால் பொருள் ஆவியாகி, சூடேற்றிய தகட்டின்மீது தன் கலப்பு விகிதம் மாறாது படியும். வெங்கடேசன் பின்னாளில் சிங்கப்பூர் தேசிய சர்வகலாசாலையின் நானோ ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமை தாங்கினார். அதே சர்வகலாசாலையில் பேராசிரியர் அரியாண்டோ குழுவினர் அம்முறையால் நிக்கல் கலந்த படலத்தை ஆக்கினர். செம்பின்றி, சாதாரண அழுத்தத்திலேயே, பூஜ்யத்துக்குக் கீழ் 233 டிகிரியளவில் அது மீக்கடத்தியாவதை 2025இல் வெளியிட்டனர். நிக்கல் காந்தத்தன்மை உடைய உலோகமாதலின், மத்தியாஸின் மற்றொரு விதியும் தளர்ந்ததென்க.

நிற்க. பழையது என்பதற்காக ஒன்றை ஏற்பது தவறாயின், புதியது என்பதற்காக ஏற்பதும் தவறே. 2023இல் தென்கொரியாவில் சிலர், வீட்டு உஷ்ணத்திலேயே மீக்கடத்தி கண்டோம் என்றனர். உலகமே ஆரவாரித்தது. பல நாட்டு ஆராய்ச்சிசாலைகள் அதைச் செய்து பார்த்தன. சில வாரங்களில் அக்கூற்று வீழ்ந்தது. மத்தியாஸின் விதியைத் தாண்டியவர்கள் நிலைத்ததற்குக் காரணம், அவர்கள் கண்டதை யார் செய்து பார்த்தாலும் கண்டனர் என்பதே.

குளிரூட்டலும் பேரழுத்தமும் வேண்டாத மீக்கடத்தி இன்னும் அகப்படவில்லை. அதைக் காண்பவர் நம் தோட்டத்துப் பள்ளியிலோ நகரத்துப் பள்ளியிலோ இன்று பயிலும் ஒரு சிறுமியாகவும் இருக்கலாம். "பெரியோர் சொன்னார்" என்று கூறி அவள் வாயை அடைக்காதிருப்பதும், "செய்து பார்த்தாயா?" என்று கேட்டுப் பழக்குவதும் நம் கடமையாகும்.