நிலக்கடலைப் பூசணமும் ஆடாதோடையும்

பயிர்நோய் வரலாற்றைத் தமிழ்த்துறையார் ஆராய்தல் எற்றுக்கு என வினவுவார் உளர். சொல்லின் வரலாறும் பொருளின் வரலாறும் ஒன்றையொன்று விளக்கும் இடம் இஃது என்பதே எம் விடை.

சேலம், நாமக்கல் சமவெளியின் மானாவாரிப் புன்செய்களில் விளையும் நிலக்கடலை தென்னமெரிக்காவினின்று வந்த பயிர். ஆகலின் சங்க நூல்களில் அதனைத் தேடுதல் வீண். பழைய கடலை என்னும் பெயரையே அடைகொடுத்துப் புதுப்பொருட்கு வழங்கினர். தென்னார்க்காட்டார் மல்லாட்டை என்பர். அதனைப் பற்றும் பூசணத்திற்கோ புதுச்சொல் வேண்டப்படவில்லை. ஊறுகாயில் பூசணம் பூத்தது என்பது இன்றும் வழக்கு. கண்ணிற்படும் வெண்மையும் பசுமையுமே அச்சொல் சுட்டுவன. நஞ்சு என்னும் கருத்து அதன்கண் இல்லை.

இவ்வேறுபாடு பெரிது. 1960-இல் இங்கிலாந்தில் ஓரிலக்கத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் அறியப்படாத நோயால் மடிந்தன. பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கே காரணம் எனத் துருவிக் கண்டனர். அசுபெர்சில்லசு பிளேவசு என்னும் பூசணம் உண்டாக்கிய அந்நஞ்சிற்கு, அப்பூசணப் பெயரின் எழுத்துகளைச் சேர்த்தே அஃபிளாடாக்சின் எனப் பெயரிட்டனர். 1974-இல் இராசத்தான், குசராத்துப் பகுதிகளில் பூசணம் பற்றிய மக்காச்சோளத்தை உண்ட நூற்றுவர்க்கு மேற்பட்டோர் இறந்தனர். சமையற் சூட்டில் இந்நஞ்சு அழிவதில்லை. சொத்தைக் கடலையைச் செக்கிலிட்டால் நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கும். அதனை உண்ட கோழிக்கு ஈரல் கெடும், முட்டை குறையும். முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் இஃது ஏட்டளவான செய்தியன்று. அவ்வூரில் 1985-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி நிறுவப்பெற்றது.

முன்னோர் இந்நஞ்சை அறிந்தே தானியத்தில் வேப்பிலையும் நொச்சித்தழையும் இட்டனர் என்று எழுதுவாரும் உளர். அவர் கூற்று எமக்கு உடன்பாடன்று. அத்தழைகள் வண்டையும் அந்தையும் விலக்கவே இடப்பட்டன. வண்டு துளைத்த மணியில் பூசணம் எளிதிற் புகுமாதலின் மறைமுகப் பயன் உண்டு. அதனை நஞ்சறிவு எனல் மிகை.

உண்மையான செய்தியே போதிய வியப்புடையது. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆடாதோடை இலையின் நீர்ச்சாறு அஃபிளாடாக்சின் பி1 என்னும் வகையை 37 பாகை வெப்பத்தில் 24 மணி நேரத்திற்குள் நூற்றுக்கு 98 அளவு சிதைத்தமை காட்டப்பட்டது. ஓமவிதைச் சாற்றுக்கும் இத்தகைய ஆற்றல் உண்டென 2010-இல் கண்டனர். பூசணம் வளராமற் றடுத்தல் வேறு, விளைந்த நஞ்சைச் சிதைத்தல் வேறு. இவை பின்னதைச் செய்வன.

ஆடு தொடா இலை என்பதே ஆடாதோடை என மருவிற்று என்பர். இருமலுக்கு மருந்தாக நம்மவர் நன்கறிந்த செடி அது. 1753-இல் லின்னேயசு தம் நூலில் இச்செடிக்கு இட்ட சிற்றினப் பெயரும் இத்தென்னாட்டுப் பெயரே. கால்நடை வெறுக்கும் கைப்பிலை கோழித் தீவனத்துக்கு உதவுமா என்பது இயல்பாக எழும் ஐயம். 98 என்பது குடுவையிற் கண்ட கணக்கு. மூட்டை மூட்டையாகக் குவிந்த புண்ணாக்கின் கணக்கன்று. சாறு தெளித்தால் ஈரம் ஏறும். ஈரம் ஏறினால் பூசணம் மீளும். உழவர் கையில் இன்றுள்ள காப்பு உலர்த்துதலே. காயைக் காதருகே குலுக்கி, உள்ளே பருப்பு ஆடும் ஒலி கேட்ட பின்னரே மூட்டை கட்டுவர்.